மூன்று மணிக்கு முன் லைன் வருமா?

சிவப்பு லைட் எரிகிறது என்று ஒருவர் சொன்னால், தயவுசெய்து அவரை ரவுட்டரை ஒஃப் பண்ணி ஒன் பண்ணச் சொல்லாதீர்கள். உங்கள் முன்னால் இருக்கும் திரை அதைத்தான் முதலில் சொல்லச் சொல்லும். எனக்கும் தெரியும். அந்த வரியை நானே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துத்தான் சம்பளம் வாங்கினேன். ஆனால் சிவப்பு லைட் என்றால் வெளியே எங்கோ கேபிளில் கோளாறு என்று அர்த்தம். அறுந்த கேபிளை வீட்டுக்காரர் சுவிட்சைத் தட்டி ஒட்ட வைக்க முடியாது. மூன்றாவது தடவை தட்டும்போது அவருக்கும் அது விளங்கிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்.

கண்டியில் வீட்டு இன்டர்நெட் கொடுக்கும் ஒரு கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவில் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. பிரிவு என்றால் ஏதோ பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கட்டடத்தின் மேல் மாடியில் வரிசையாகக் கதிரைகள், காதை அழுத்தும் ஹெட்செட், சூடாறிய பிளேன்டீ. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்பதைப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் அதற்குள் போகவில்லை.

மனிதர்கள் எதற்கெல்லாம் போன் பண்ணுவார்கள் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிக்னல் வரவில்லை என்று வாரம் முழுக்கச் சண்டை பிடித்த ஒரு வியாபாரி, தூசு படாமலிருக்க ரவுட்டரைத் துணியில் சுற்றிக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார். பேராதனையில் ஒரு விரிவுரையாளர், வேகம் குறைந்த ஒவ்வொரு தடவையும் அதன் காரணத்தை எனக்கே வகுப்பெடுத்தார். கட்டுகஸ்தோட்டையில் ஒரு தாய், மகனுக்குச் சோதனை முடியும்வரை லைனை வெட்டிவிட்டு, அவன் கேட்டால் கம்பனியில் பிழை என்று சொல்ல முடியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கம்பனியில் எப்போதும் ஏதாவது பிழை இருந்ததால் அவருக்காக நான் தனியாகப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஏசுகிறவர்களைக் கண்டு பயப்படாதீர்கள். ஏசுகிறவர் உங்களால் ஏதோ செய்ய முடியும் என்று இன்னும் நம்புகிறார். அமைதியாக "பரவாயில்லை" என்று போனை வைப்பவர் வேறு கம்பனிக்கு விண்ணப்பித்துவிட்டார். எனக்கு இந்த வேலையில் பயம் வந்தது ஏச்சினால் அல்ல, "இப்ப வந்துரும்" என்ற நம்முடைய சொந்தப் பதிலால்தான். அதை ஏன் சொல்கிறேன் என்பதற்கு ஒரு பகல் நேரத்தில் வந்த அழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மதியம் ஆகவில்லை. ஒரு பெண் மூச்சு வாங்கப் பேசினாள். பின்னால் பஸ் ஹோர்ன் சத்தம்.

"சேர், எங்க வீட்டு ரவுட்டர்ல செவப்பு லைட் எரியுது. காலையில இருந்து நெட் இல்ல. மூணு மணிக்கு முன்ன லைன் வருமா?"

பெயர் கோகிலா. அம்பிட்டியவைத் தாண்டித் தலாத்துஓயாப் பக்கம் இறங்கும் வழியில், பிரதான வீதியிலிருந்து படிகளால் கீழே போகும் ஒரு பள்ளத்தில் வீடு. திரையில் முகவரி வந்தது. திரை வழக்கம்போல ரவுட்டரை ஒஃப் பண்ணச் சொன்னது. அதை விட்டுவிட்டு, மூன்று மணிக்கு என்ன என்று கேட்டேன்.

"மாமா தவறிட்டாரு சேர். மூணு மணிக்குத் தூக்குறாங்க. தகனம் செய்யிற எடத்துல நேரம் எழுதிக் குடுத்துட்டாங்க, தள்ளிப் போட முடியாது. எங்க வீட்டுக்காரரு கத்தார்ல இருக்காரு. சேர்ந்து கொஞ்ச காலந்தான் ஆகுது, லீவு குடுக்க மாட்டேன்னுட்டாங்க. அவருதான் மூத்த மகன். பெட்டிய மூடுறதுக்கு முன்ன அப்பா மொகத்தப் பார்த்து ரெண்டு வார்த்த பேசணும்னு அழுவுறாரு."

வீடியோ எடுத்துப் பிறகு அனுப்பலாமே என்று உங்களில் யாராவது நினைக்கலாம். பக்கத்துக் கதிரையில் வேலை பார்த்த பிள்ளையும் அதைத்தான் என் காதுக்குள் சொன்னாள். நான் கண்டி டவுனில் பிறந்து வளர்ந்த முஸ்லிம். எங்களில் மௌத்து நடந்தால் அடக்கம் சீக்கிரம் முடிந்துவிடும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு முகம் கிடைக்காமல் போவது என்னவென்று எங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். எடுத்து வைத்த வீடியோவில் தகப்பனைப் பார்க்கலாம், தகப்பனோடு பேச முடியாது.

"மொபைல் டேட்டா?" என்றேன்.

"வீட்டுல ஒரு கோடுகூட வராது சேர். அதுக்காகத்தானே உங்க லைன எடுத்தோம்! இப்பவும் இந்தப் படியெல்லாம் ஏறி ரோட்டுக்கு வந்துதான் பேசுறேன். பொணத்த வீட்டுல வச்சுக்கிட்டு நான் ரோட்டுல நின்னு போன் பேசிக்கிட்டு இருக்கேன், ஆளுங்க ஒரு மாதிரியா பாக்குறாங்க."

மூச்சு வாங்கியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஒரு தகவல் தெரிந்துகொள்ள அவள் ஒவ்வொரு தடவையும் மரண வீட்டை விட்டுப் படியேற வேண்டும். அதனால் வருமா வராதா என்று நான் அந்த நிமிடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கு இப்ப தெரியாதும்மா. ஆள அனுப்பிப் பார்த்துட்டு ஒரு மணிக்கு நானே கோல் எடுப்பேன். நல்லதோ கெட்டதோ எடுப்பேன். ஒரு மணிக்கு மட்டும் மேல வாங்க. அதுக்கு முன்ன ஏறி இறங்க வேணாம்" என்றேன். அவள் பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

அதிர்ஷ்டத்துக்கு எங்கள் ஆள் ஒருவர் அம்பிட்டியவிலேயே வேறு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். பர்ஹான் என்று பெயர், கேபிள் பழுது பார்ப்பவர், என்னை அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடுவார். முறைப்படி அவருடைய அன்றைய வேலைகளுக்கு நடுவில் இதைச் செருக எனக்கு அதிகாரம் இல்லை. கேட்டேன், அவர் போனார். கொஞ்ச நேரத்தில் அழைத்தார்.

"நானா, வயர் அறுந்தீக்கி. போஸ்ட்டுல இருந்து வீட்டுக்கு எறங்குற வயர். வெள்ளைக் கொடி கட்டின கயித்த இந்த வயரோடயே சேத்துக் கட்டி, தொய்யாம இருக்கணும்னு நல்லா இழுத்தீக்கிறாங்க. கொடி ஒவ்வொண்டும் நேரா நிக்கிது. வயர்தான் போயிட்டு."

நம் ஊரில் ஒரு மரணம் என்றால் வீதி முழுக்க வெள்ளைக் கொடி கட்டுவார்கள். சிங்களவர் வீடு, தமிழர் வீடு என்ற வித்தியாசம் அதில் பெரிதாக இல்லை. செத்தவர் மேல் மரியாதை கூடக் கூடக் கொடியின் நீளமும் கூடும். பழைய செம்புக் கம்பி என்றால் கொடிக் கயிற்றையும் தாங்கி, காகத்தையும் தாங்கி இருந்திருக்கும். உள்ளே கண்ணாடி இழை ஓடும் இந்தக் காலத்து வயர் அப்படி இல்லை. அப்பாவுக்கு நல்ல மரியாதையாக இருக்க வேண்டும் என்று யாரோ இழுத்துக் கட்டிய கயிறு, மகனுக்கு அப்பா முகத்தை இல்லாமல் செய்துவிட்டது.

"யார் கட்டினது?" என்றேன்.

"மௌத்தானவருட சின்ன மகன். இந்தா, இப்பவும் பந்தலுக்குக் கீழ கதிரை போட்டுட்டு ஈக்கிறான். நானா, இது அவங்க செஞ்ச பிழை. கம்பனி மேல ஏச முந்தி செல்லிருங்க."

"இன்டைக்குச் செல்ல வேணாம்" என்றேன். பர்ஹானுக்கு அது பிடிக்கவில்லை. களத்தில் ஏச்சு வாங்குவது அவர்தான், அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் அந்த நேரத்தில் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அண்ணன் கடைசியாக முகம் பார்க்காமல் போனது தம்பியால்தான் என்று சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னால் ஆகிவிடும். நமக்கு ஒரு பழி குறையும், அவர்களுக்கு ஆயுள் முழுக்க ஒரு பழி சேரும். கேட்டவருக்கு எந்த உண்மை தேவை, எது தேவையில்லை என்பதைப் பார்க்கத்தான் அந்தக் கதிரையில் இயந்திரத்தை வைக்காமல் நம்மை வைத்திருக்கிறார்கள்.

புது வயரும் அதை ஒட்டும் மெஷினும் இருந்த வேன் கட்டுகஸ்தோட்டையில் நின்றது. கொழும்பில் இருந்தபடி வண்டிகளை ஓட்டும் எங்கள் கணினி, வேன் இரண்டு மணிக்குள் அங்கே போய்விடும் என்று திரையில் பச்சை எழுத்தில் காட்டியது. ஒட்டுவதற்கு ஒரு மணித்தியாலம் தாராளம். கணக்குப் பார்த்தால் மூன்று மணிக்கு லைன் வந்துவிட வேண்டும்.

ஆனால் அது பாடசாலை நாள். கட்டுகஸ்தோட்டையிலிருந்து அம்பிட்டியவுக்குப் போக டவுனைக் கடந்து வாவிக்கரையால் வர வேண்டும். பாடசாலை விடும் நேரத்தில் அந்த வீதியில் என்ன நடக்கும் என்று கண்டிக்காரர் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்கூல் வேன்கள், கார்கள், பிள்ளையைக் கூட்டிப்போக வந்து நடு வீதியில் நிற்கும் முச்சக்கரவண்டிகள். அம்புலன்ஸுக்கே வழி கிடைப்பது கஷ்டம். கொழும்புக் கணினிக்கு இதெல்லாம் தெரியாது, அதற்குப் பிள்ளை குட்டி கிடையாது.

மேற்பார்வையாளரிடம் போனேன். நல்ல மனிதர், சிங்களவர். வேனை உடனே அனுப்பச் சொல்லிவிட்டார். பிறகு, வாடிக்கையாளரிடம் டீம் வந்துகொண்டிருக்கிறது, மூன்று மணிக்கு முன் முயற்சி செய்கிறோம் என்று சொல்லும்படி சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை, வேன் வந்துகொண்டுதானே இருக்கிறது என்றார். வராது என்று நாமே சொல்லி, அந்த அழைப்புப் பதிவை மேலிடம் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது அவருடைய கவலை. நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: உங்கள் மகளைப் பாடசாலையிலிருந்து கூட்டிக்கொண்டு நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள்? "உங்கள் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த நேரத்தில் எனக்கு இருந்த பயத்தை மறைக்க விரும்பவில்லை. வேன் எப்படியாவது வந்து சேர்ந்துவிட்டால் நான் ஒரு மரண வீட்டை வீணாக அழவைத்தவன் ஆவேன். வந்துரும் என்று சொல்லிவிட்டு இருந்தால், வராவிட்டாலும் பழி வீதி நெரிசலுக்குத்தான் போகும். அந்தப் பதில் எனக்கு வசதி. ஆனால் அதைக் கேட்டு அவர்கள் வீட்டுக்குள் அந்தச் சிவப்பு லைட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மூன்று மணி ஆனதும் பெட்டியை மூடுவார்கள். வேறு எதையும் யோசிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

ஒரு மணிக்கு அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"லைன் வந்துருமா சேர்?"

"வராதும்மா. மூணு மணிக்கு முன்ன வராது. வயர் இழுபட்டு அறுந்து போயிருக்கு. ஒட்டுற மெஷின் கட்டுகஸ்தோட்டையில இருந்து வரணும். ஸ்கூல் விடுற நேரம், டவுனத் தாண்டி வந்து சேராது. நான் அனுப்பித்தான் இருக்கேன். ஆனா நம்பி இருக்க வேணாம்."

ஏச்சு விழுந்தது. மாதாமாதம் பிடுங்குகிறீர்களே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் உபயோகப்படக்கூடாதா என்றாள். "அப்ப எதுக்கு அங்க ஆள வச்சிருக்கீங்க? வராதுன்னு சொல்றதுக்கா?" என்றாள். பிறகு அழுதாள். நான் மன்னிப்புக் கேட்கும் வரியைக்கூட வாசிக்கவில்லை. இப்படியான நேரத்தில் அந்த வரி நம்முடைய மனச் சமாதானத்துக்குத்தான். போனையும் வைக்கவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை பஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இப்ப நிக்கிற எடத்துல வீடியோ கோல் வேலை செய்யுமா?" என்று கேட்டேன்.

"செய்யும். காலையிலகூட அவருகிட்ட இங்க நின்னுதான் பேசினேன். அதுக்கு என்ன சேர் பண்றது, மாமா கீழயில்ல இருக்காரு..."

அத்தோடு நிறுத்திவிட்டாள். பிறகு அவள் சொன்னாள், என்னிடம் என்றில்லை, தனக்குத்தானே சொல்வது போல: "பெட்டியத் தோள்ல தூக்கி இங்கதான் கொண்டு வருவாங்க. இங்க இருந்துதான் வேன்ல ஏத்தணும். பொம்பளைங்க நாங்களும் இது வரைக்கும் வரலாம். இதுக்கு மேலதான் வரக்கூடாது."

"அப்படியா" என்றேன்.

"நான் கீழ போறேன் சேர். பேசிப் பார்க்கணும்." வைத்துவிட்டாள்.

கவனியுங்கள், யோசனை என்னுடையது அல்ல. அவர்களுடைய வழக்கம் எனக்குத் தெரியாது. வராது என்ற ஒரு சொல்லையும், இரண்டு மணித்தியால அவகாசத்தையும்தான் நான் கொடுத்தேன். மற்றதை அவளே பார்த்துக்கொண்டாள்.

வேன் வாவிக்கரையில் மாட்டிக்கொண்டது. பாடசாலைக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு சாரதி எனக்குப் போன் பண்ணி, இந்த நேரத்தில் அனுப்பிய மகானுபாவன் யார் என்று கேட்டார். மற்ற அழைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்குக் கிரிக்கெட் பார்க்கும்போது படம் சுற்றுகிறது. ஒருவருக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு மணியை நெருங்கும்போது பர்ஹான் அழைத்தார். வேனுக்காகக் காத்துக்கொண்டு அவர் அந்தப் படி உச்சியிலேயே நின்றிருக்கிறார்.

"நானா, பெட்டியத் தூக்கி வந்தாங்க. ரோட்டுல எறக்கி வச்சாங்க. பெரியவர் ஒத்தர், மூடின பெட்டிய நடு ரோட்டுல தொறக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லண்டு ஒரே புடியா நிண்டார். மௌத்தானவருட பொஞ்சாதி ஒண்டும் செல்லாம இருந்தவங்க, அப்பதான் வாயத் தொறந்தாங்க. 'மூத்த மகன் பார்க்காம மூடினதுதான் தப்பு. தொறங்க'ண்டாங்க. அதுக்குப் பொறகு பெட்டியத் தொறந்தாங்க. நான் ரோட்டுல எறங்கி பஸ்ஸ மறிச்சேன். டிரைவர் இன்ஜின ஒஃப் பண்ணிட்டார்."

"மகன் பேசினாரா?"

"அந்தப் பொண்ணு போன முகத்துக்கு நேரா புடிச்சா. பொறகு, 'அப்பா, நான் ரவி பேசுறேன்'ண்டார். ஒவ்வொரு நாளும் எடுத்துப் பேசுவார்தானே, அதே மாதிரி. அதுக்குப் பொறகு என்த பேசினார்ண்டு எனக்குக் கேக்கல்ல. கடைசியா, 'அப்பாவுக்கு யாரு சவரம் பண்ணினது?'ண்டு கேட்டார். சின்னவன் முன்னுக்கு வந்து, 'நான்தான்ணே'ண்டான். 'நல்லா பண்ணியிருக்கடா. அழகா இருக்காரு'ண்டார். அதோட மூடிட்டாங்க."

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று நான் தடுத்ததைப் பற்றிப் பர்ஹான் ஒன்றும் சொல்லவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகை வந்தது, அதில் மறைக்க ஒன்றுமில்லை. வந்து உட்கார்ந்து அடுத்த அழைப்பை எடுத்தேன். கிரிக்கெட்காரர்தான், படம் இன்னும் சுற்றுகிறதாம்.

வேன் வந்து சேர்ந்தபோது அங்கே பெண்கள் வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் உள்ளே போய் ரவுட்டரைத் தொட வேண்டாம் என்று பர்ஹான் திருப்பி அனுப்பிவிட்டார். காரியங்கள் முடியட்டும், பிறகு கூப்பிடுகிறோம் என்று வீட்டாரும் சொல்லிவிட்டார்கள். மேற்பார்வையாளர் அந்த அழைப்புப் பதிவைப் போட்டுக் கேட்டார். அன்றும் அவர் வீட்டுக்குப் போகத் தாமதமாகிவிட்டது என்று மட்டும் மறுநாள் சொன்னார்.

காரியங்கள் முடிந்த பிறகு ஒரு நாள், லைனைச் சரிசெய்யச் சொல்லிக் கோகிலா அழைத்தாள். அன்று ஹந்தானைப் பக்கம் காற்றுக்கு மரங்கள் விழுந்து, எங்கள் வேன்கள் எல்லாம் அங்கேதான் நின்றன. பெயரைச் சொன்னதுமே எனக்குக் குரல் விளங்கிவிட்டது. என் குரலும் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"அன்னைக்கு வரும் வரும்னு சொல்லியிருந்தீங்கன்னா, நாங்க வீட்டுலயே காத்துக்கிட்டு இருந்திருப்போம் சேர். அவரு பார்த்திருக்க மாட்டாரு" என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

"சரி, இப்ப எங்களுக்கு லைன் எப்ப வரும்?"

"இன்னைக்கு வராதும்மா. வேனெல்லாம் ஹந்தானையில நிக்குது. நாளைக்குப் பகலுக்கு முன்ன வரும்."

"சரி சேர்" என்று வைத்துவிட்டாள்.

நான் அந்தக் கதிரையில் இருந்த காலம் முழுவதிலும், இன்றைக்கு வராது என்ற பதிலைக் கேட்டு, ஒரு வார்த்தைகூட ஏசாமல் ஒரு வாடிக்கையாளர் "சரி" என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.